விட்டு வைத்த மீன் யாருக்கு?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன் பிடிக்கச் செல்வதில்லை. மீன்கள் முட்டையிட்டு இனம் பெருக்கும் காலத்தில் அவற்றை விட்டு வைக்க வேண்டும் என்பதற்காக அரசு விதித்துள்ள தடை இது. வருவாய் இழக்கும் மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகையும் வழங்கப்படுகிறது. படகைப் பழுது பார்ப்பதிலும் வலையைச் சீர் செய்வதிலும் அந்த இரண்டு மாதங்கள் கழிகின்றன. புதிய வகுப்புக்குப் புத்தகமும் சீருடையும் வாங்க வேண்டிய மாதங்களும் அவையே என்பதைக் கடற்கரை ஊர்களில் வாழும் பெற்றோர் நன்கு அறிவர்.

தடை நீங்கியதும் என்ன நடக்கிறது? எல்லாப் படகுகளும் ஒருங்கே புறப்படுகின்றன. விதியை மதித்துப் பொறுத்திருந்தவருக்கும், சிறு கண்ணி வலையால் மீன்குஞ்சுகளை அரித்தெடுத்தவருக்கும் கடல் ஒன்றே. முந்திச் சென்றவருக்கே மீன். 'பொறுத்தார் பூமி ஆள்வார்' என்பது நம் பழமொழி. பூமியில் வரப்பு உண்டு. பொறுத்திருந்து அறுத்தவனுக்கே விளைச்சல் வந்து சேரும். வரப்பில்லாத கடலில் பொறுத்தவனுக்கு என்ன கிடைக்கும்? இன்று அவன் விட்டு வைத்த மீன் நாளை யாருக்கு?

இக்கேள்விக்கு உலகின் சில கடற்கரைகளில் மீனவர்களும் அறிஞர்களும் அரசுகளும் கூடி ஒரு விடை கண்டிருக்கிறார்கள். அவ்விடையைத்தான் இக்கட்டுரையில் நாம் ஆராயப் போகிறோம்.

பொதுச் சொத்தின் புதிர்

முதலில் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு விரிகுடாவில் 20 படகுகள் மீன் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றுள் ஒருவர் பெரிய கண்ணியுள்ள வலையைப் பயன்படுத்தி, ஒரு கூடைக் குஞ்சுகளைத் தப்பிச் செல்ல விடுகிறார். அக்குஞ்சுகள் வளர்ந்து ஐந்து கூடை மீனாகின்றன. அவற்றை 20 படகுகளும் சமமாகப் பிடித்தால், அவர் பங்குக்கு வருவது கால் கூடை மட்டுமே. அவர் இழந்தது ஒரு கூடை. பெற்றது கால் கூடை. நல்லது செய்தவருக்கு முக்கால் கூடை நட்டம்! அவருடைய மனம் எவ்வளவு நல்லதாயினும், வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. அடுத்த ஆண்டு அவரும் சிறு கண்ணி வலைக்கு மாறிவிடுகிறார்.

ஆகவே மீன்வளம் அழிவதற்கு மீனவரின் பேராசையே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. நல்லவன் நட்டப்படும்படியாகவும், அவசரப்படுபவன் ஆதாயம் அடையும்படியாகவும் ஏற்பாடு அமைந்திருப்பதே பெருங்காரணம். காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் 1968ஆம் ஆண்டு எழுதிய ஒரு புகழ்பெற்ற கட்டுரையில் இதைப் 'பொதுச் சொத்தின் துயரம்' என்று வருணித்தார். அவர் கருத்தைப் படித்த பலரும், பொது வளத்தைக் காப்பாற்ற இரண்டே வழிகள் உண்டு என்று எண்ணினர். அரசு கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும்; அல்லது தனியாருக்கு உடைமையாக்கிவிட வேண்டும்.

மூன்றாவது வழியும் உண்டு என்று எடுத்துக்காட்டியவர் ஒரு பெண்மணி. அவரைப் பற்றி நாம் சிறிது அறிந்துகொள்வது நல்லது.

எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார்

எலினார் ஆஸ்ட்ரம் அமெரிக்க நாட்டில் பிறந்தவர். உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, பெண்ணுக்கு எதற்குக் கோணவியல் என்று சொல்லி அவரைக் கணிதப் பாடத்திலிருந்து விலக்கிவிட்டனர். பின்னாளில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க விரும்பியபோது, போதிய கணிதப் பயிற்சி இல்லையென்ற காரணத்தால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் அரசியல் அறிவியல் பயின்றார். அதே அம்மையார்தாம் 2009ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். அப்பரிசைப் பெற்ற முதல் பெண்மணி அவரே. 2012இல் அவர் காலமானார்.

காடு, மேய்ச்சல் நிலம், பாசன வாய்க்கால், மீன்பிடி கடல் ஆகியவற்றை மக்கள் எங்கெங்கே தாங்களாகவே கூடிக் காப்பாற்றி வருகிறார்கள் என்பதை அவர் தேடித் தேடி ஆராய்ந்தார். 1990இல் வெளியான அவருடைய நூலில் துருக்கி நாட்டின் அலான்யா என்ற ஊரைப் பற்றி எழுதியுள்ளார். அங்கே ஏறத்தாழ நூறு மீனவர்கள் இருந்தனர். நல்ல இடங்களைப் பிடிப்பதற்காக அவர்களுக்குள் ஓயாத சண்டை. 1970களின் தொடக்கத்தில் அவ்வூர்க் கூட்டுறவு உறுப்பினர்கள் ஒரு முறையை வகுத்தனர். மீன்பிடி இடங்கள் ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டுப் பட்டியல் எழுதினர். ஒருவர் வலை மற்றவர் வலைக்கு வரும் மீனை மறிக்காத அளவுக்கு அவ்விடங்களுக்கிடையே இடைவெளி விட்டனர். செப்டம்பர் மாதத்தில் திருவுளச்சீட்டுப் போட்டு ஆளுக்கோர் இடம் ஒதுக்கினர். அன்று முதல் ஜனவரி வரை ஒவ்வொருவரும் நாள்தோறும் கிழக்கே அடுத்த இடத்துக்கு நகர வேண்டும். பின்னர் மே வரை மேற்கே நகர வேண்டும். இதனால் நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வந்தன. இன்று நல்ல இடத்துக்கு உரியவர் அதிகாலையில் அங்கே வந்து நிற்பார். ஆகவே பிறர் அங்கே ஏமாற்ற முடியாது. காவலுக்குத் தனியாக ஆள் தேவைப்படவில்லை.

நம் பழவேற்காட்டு ஏரியிலும் 'பாடு' என்ற பெயரில் இத்தகைய முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. இறால் பிடிக்கும் இடங்களைச் சில மீனவ ஊர்கள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் அம்முறையில் சேர்க்கப்படாத ஊரார்க்கு மனக்குறையும், அதனால் பூசலும் உண்டானதையும் மறைப்பதற்கில்லை. வரப்புப் போடும்போது வரப்புக்கு வெளியே யாரை நிறுத்துகிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

சிலி நாட்டின் லோகோ

அலான்யாவிலும் பழவேற்காட்டிலும் இடத்தைப் பகிர்வதே நோக்கம். விட்டு வைத்த உயிர் விட்டு வைத்தவருக்கே வந்து சேரும்படி செய்ததை அறிய நாம் தென் அமெரிக்காவுக்குச் செல்ல வேண்டும்.

உலகப் படத்தில் தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில் நீண்ட நாடா போல் கிடப்பது சிலி நாடு. அதன் கடற்கரை 4,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அக்கடலின் பாறைகளில் 'லோகோ' என்று அந்நாட்டார் அழைக்கும் ஓர் உயிர் வாழ்கிறது. அது சங்கினத்தைச் சேர்ந்தது. ஓடு கிண்ணம் போல் குழிந்திருக்கும். அதன் சதை மிகுந்த சுவையுடையது. பழங்குடி மக்கள் காலந்தொட்டே அதை உண்டு வந்ததற்குக் கடற்கரையில் குவிந்து கிடக்கும் பழைய ஓடுகளே சான்று. லோகோ மெல்ல வளரும். நாட்டின் பெரும்பகுதியில், பிடிப்பதற்குச் சட்டம் அனுமதிக்கும் 10 சென்டிமீட்டர் அளவை எட்ட அதற்கு நான்கைந்து ஆண்டுகள் ஆகும்.

நம் தூத்துக்குடியில் சங்கு குளிப்போரைப் போல, அங்கும் மனிதர் மூழ்கித்தான் லோகோவை எடுக்கிறார்கள். படகிலுள்ள பொறி, நீண்ட குழாய் வழியே அவர்களுக்கு மூச்சுக் காற்றை அனுப்பும். 1970களின் நடுவில் ஜப்பான் முதலிய நாடுகளுக்கு லோகோ ஏற்றுமதியாகத் தொடங்கியது. விலை ஏறியது. கடலைப் பார்த்தறியாதவர்களும் மூழ்கிப் பொறுக்க வந்தனர். 1980இல் ஏறத்தாழ 25,000 டன் லோகோ கரைக்கு வந்தது. அதன்பின் வீழ்ச்சிதான். அரசு பிடிக்கும் பருவத்தைச் சில நாட்களாகச் சுருக்கிப் பார்த்தது. அந்தச் சில நாட்களில் எல்லாரும் இரவு பகலாக மூழ்கினர். சந்தையில் லோகோ குவிந்து விலை சரிந்தது. இறுதியில் 1989 முதல் 1992 வரை முழுத்தடை விதிக்கப்பட்டது. தடைக் காலத்திலும் திருட்டுத்தனமாகப் பிடிப்பது நிற்கவில்லை. நாம் போட்ட 20 படகுக் கணக்கு அப்படியே அங்கே நடந்தேறியது எனலாம்.

வேலி போட்ட பாறைகள்

இதற்கிடையில் வேறொரு முயற்சியும் நடந்தது. சிலியின் பாப்பிறைக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் லாஸ் குரூசஸ் என்ற ஊரில் கடல் ஆய்வு நிலையம் ஒன்றை நடத்தி வந்தது. அதன் முன்னுள்ள பாறைக் கரையை 1982இன் இறுதியில் யாரும் நுழையாதபடி வேலியிட்டு மூடினர். ஹுவான் கார்லோஸ் காஸ்தில்யா என்ற அறிஞரும் அவர் குழுவினரும், மனிதன் கை படாத கரை எப்படி மாறுகிறது என்று கவனித்தனர்.

சில ஆண்டுகளில் வேலிக்குள் லோகோ பெருகியது, பருமனும் கூடியது. அது பாறைகளை மூடியிருந்த சிறு சிப்பிகளைத் தின்று குறைத்தது. அந்த இடத்தில் வேறு உயிர்கள் தோன்றின. வேலிக்கு வெளியே பாறைகள் முன்போலவே சிப்பி மூடிக் கிடந்தன. லோகோவை மனிதன் பொறுக்கியதால் அதன் எண்ணிக்கை குறைந்தது மட்டுமன்றி, அக்கரையின் உருவமே மாறியிருந்தது என்பது புலனாயிற்று. விட்டு வைத்தால் கடல் மீளும் என்பதையும் கண்ணால் காண முடிந்தது.

அறிஞர்கள் இதைத் தாளில் எழுதியதோடு நின்றுவிடவில்லை. மீனவர்களிடமும் கொண்டு சென்றனர். சிலியில் மீனவர் தங்கிப் படகு இறக்கும் சிறு துறைகளைக் 'கலேத்தா' என்பர். கிந்தாய் அத்தகைய ஒரு கலேத்தா. 1967 வரை அங்கே திமிங்கிலம் அறுக்கும் நிலையம் இயங்கியது. ஒரு வளம் தீர்ந்துபோனால் என்னவாகும் என்பதை அறிந்த ஊர் அது. அவ்வூர் மீனவர் சங்கம் அறிஞர்களுடன் ஒப்புக்கொண்டு, தங்கள் கடலின் ஒரு பகுதியைத் தாங்களாகவே மூடி வைத்தது. அரசு கட்டாயப்படுத்தவில்லை. ஒருவர் மூழ்கிப் பார்த்து, மற்றவர்க்குச் சொல்லி, எல்லாரும் லோகோ பெருகுவதைக் கண்டறிந்தனர்.

சட்டம் தந்த உரிமை

1991ஆம் ஆண்டு சிலி அரசு புதிய மீன்வளச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டு வந்தது. கரையோரம் ஐந்து கடல்மைல் அகலமுள்ள பகுதி சிறு மீனவர்க்கென ஒதுக்கப்பட்டது. அத்துடன் 'மேலாண்மைப் பகுதி' என்ற புதிய ஏற்பாடும் வந்தது. முதல் பகுதிகள் 1997இல் முறைப்படி வழங்கப்பட்டன. பின்னர் அவை பல நூறாகப் பெருகின.

இம்முறை செயல்படும் விதத்தைச் சுருக்கமாகக் காண்போம்.

1. பதிவு பெற்ற மீனவர் சங்கமோ கூட்டுறவோ மட்டுமே விண்ணப்பிக்கலாம். தனி மனிதருக்குக் கடல் கிடைக்காது.

2. விண்ணப்பித்த கடற்பகுதியில் என்னென்ன உயிர்கள் எவ்வளவு உள்ளன என்று உயிரியல் அறிந்தோரைக் கொண்டு கணக்கெடுக்க வேண்டும். 

3. எப்படிக் காப்போம், எவ்வளவு எடுப்போம் என்று திட்டம் எழுதி அரசிடம் ஒப்புதல் பெற வேண்டும். 

4. ஒப்புதல் கிடைத்தபின் அப்பகுதியின் அடித்தளத்து உயிர்களை எடுக்கும் உரிமை அச்சங்கத்துக்கு மட்டுமே உண்டு. காவலும் அவர்கள் பொறுப்பே.

5. தொடர்ந்து கணக்கெடுத்து, எடுக்கக்கூடிய அளவை அரசின் ஒப்புதலோடு அவ்வப்போது மாற்ற வேண்டும்.

கவனித்தீர்களா, மாணவியரே? அறிவியலார் எண்ணுகிறார்கள், அரசு அளவு விதிக்கிறது, மீனவர் காக்கிறார்கள், அறுவடை செய்கிறார்கள். மூவரும் கூடிச் செய்வதால் இதைக் கூட்டு மேலாண்மை என்கிறோம்.

பரிசு எது?

இதில் மீனவருக்குக் கிடைக்கும் பரிசு என்ன? மேடையில் அழைத்துப் பொன்னாடை போர்த்துவது அன்று. மாதந்தோறும் அரசு தரும் பணமும் அன்று. அவர் விட்டு வைத்த உயிர் வளர்ந்து அவருடைய சங்கத்துக்கே திரும்பி வருவதுதான் பரிசு. நம் கணக்கில் நல்லவர் அடைந்த முக்கால் கூடை நட்டம் இங்கே இல்லை. ஐந்து கூடையும் காத்தவர்களின் பங்காகவே வருகிறது.

வேறொரு பயனும் உண்டு. முந்துவோர்க்கே மீன் என்றிருந்தபோது எல்லாரும் ஒரே நாளில் அள்ளி, கிடைத்த விலைக்குத் தள்ளினர். உரிமை வந்தபின், லோகோ கடலுக்குள் சேமிப்புக் கணக்கில் இட்ட பணம் போல் பத்திரமாக இருந்தது. வாங்குபவரிடம் விலை பேசி முடித்தபின் மூழ்கி, வேண்டிய அளவு மட்டும் எடுக்கலாம். கொந்தளிக்கும் கடலில் உயிரைப் பணயம் வைத்து மூழ்க வேண்டியதில்லை. நாளைக்கும் அது அங்கேயே இருக்கும். பிற்காலத்து ஆய்வுகளில், இத்தகைய பகுதிகளில் லோகோ எண்ணிக்கையிலும் அளவிலும் மிகுந்திருப்பதும், மீன் முதலிய பிற உயிர்களும் திறந்த கடலைவிட அதிகமாக இருப்பதும் தெரிய வந்தது.

குறைகளும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் காட்டினால் அது பாடமாகாது. இம்முறையின் குறைகளையும் நாம் அறிய வேண்டும்.

முதலாவது, திருட்டு. காத்து வளர்த்த கடலில் இரவில் வந்து லோகோவை வாரிச் செல்வோர் உண்டு. இரவுக் காவலுக்குப் படகும் எரிபொருளும் ஆளும் வேண்டும். எல்லைக் கோட்டைச் சட்டம் வரைந்துவிட்டது. அதைக் காக்கும் சுமையின் பெரும்பகுதி மீனவர் தோளில் விழுந்தது.

இரண்டாவது, விலை. ஏற்றுமதிச் சந்தையில் விலை இறங்கினால் காத்தவர் உழைப்புக்கு ஏற்ற ஊதியம் வராது. கணக்கெடுப்புச் செலவைக்கூட ஈடு செய்ய முடியாத பகுதிகளும் இருந்தன.

மூன்றாவது, எல்லா உயிர்க்கும் இம்முறை பொருந்தாது. லோகோ பாறையை விட்டு அதிகம் நகராது. ஆகவே ஓர் ஊரின் எல்லைக்குள் அதைக் காக்கலாம். மத்தியும் சூரையும் அப்படியா? இன்று இங்கே, நாளை எங்கோ. அவற்றைக் காக்கப் பல ஊர்களும், சில சமயம் பல நாடுகளும் ஒப்புக்கொள்ள வேண்டும். லோகோவின் இளம் பருவமும்கூட ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடல் நீரில் மிதந்து, எங்கோ ஒரு பாறையில் போய் ஒட்டுகிறது. ஆகையால் ஓர் ஊரின் காவல் பக்கத்து ஊரின் காவலையும் சார்ந்தே நிற்கிறது.

எந்தக் கூட்டு மேலாண்மை வெல்லும், எது தோற்கும்? 44 நாடுகளைச் சேர்ந்த 130 மீன்பிடி முறைகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2011இல் வெளியானது. வெற்றிக்கு முதன்மையான காரணமாக அது கண்டது ஊரார் மதிக்கும் நல்ல தலைவர் இருப்பதையே. பிடிக்கும் அளவை வரையறுத்துப் பங்கிடுவது, ஊர் ஒற்றுமை, மீன் பிடிக்காமல் விட்ட இடங்கள் ஆகியவையும் சிறப்பிடம் பெற்றன. வலையும் படகும் பொறியும் எவ்வளவு நவீனமாயினும், நம்பிக்கைக்குரிய ஒருவர் ஊரில் இல்லையேல் பயனில்லை என்பதை நாம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

அண்டையில் ஓர் எடுத்துக்காட்டு: அஷ்டமுடி

சிலி தொலைவில் உள்ளது. அங்குள்ள சட்டம் வேறு. நம் நாட்டில், அதுவும் அண்டை மாநிலத்தில், இதனோடு ஒத்த ஒரு முயற்சி உண்டு. கேரளத்தின் கொல்லம் அருகே எட்டுக் கிளைகளாக விரிந்து, நீண்டகரையில் கடலோடு கலக்கும் காயல் அஷ்டமுடி. அதன் அடிமணலில் ஒருவகை மட்டி விளைகிறது. அதன் கால் மஞ்சள் நிறமாயிருப்பதால் அங்குள்ளோர் அதை மஞ்சள் கக்கா என்கின்றனர். நீண்ட கழியின் முனையில் சட்டமும் வலைப்பையும் பொருத்தி, சிறு வள்ளத்தில் நின்றபடி கையாலேயே வாரி எடுக்கிறார்கள். எடுத்ததை வேக வைத்துச் சதை பிரிப்பதில் பெண்களின் உழைப்பு மிகுதி. பிடிப்பது, சுத்தம் செய்வது, விற்பது என எல்லாமாகச் சுமார் 3,000 பேரின் பிழைப்பு அந்த மட்டியைச் சார்ந்திருந்தது.

வெளிநாடுகளில் கிராக்கி ஏறியதால் 1991இல் 10,000 டன் வரை மட்டி பிடிபட்டது. 1993இல் அது பாதியாகச் சரிந்தது. லோகோவின் கதையேதான். ஆனால் இங்கே நிலைமை முற்றும் கெடுமுன் விழித்துக்கொண்டனர். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவுரைப்படி விதிகள் வந்தன. முட்டையிடும் மாதங்களில் பிடிக்கக் கூடாது. வலைக் கண்ணி 30 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பொறி கொண்டு வாரக் கூடாது. ஏற்றுமதிக்கும் ஓர் அளவு விதிக்கப்பட்டது. ஒரு கிலோ சதையில் 1,400 துண்டுகளுக்கு மேல் இருந்தால் அது இளமட்டி என்று பொருள். அதை அனுப்பக் கூடாது. பிடிப்பவரை மட்டுமின்றி வாங்குபவரையும் கட்டுப்படுத்தியது இவ்விதியின் சிறப்பு. குஞ்சை வாங்க ஆளில்லை என்றால் குஞ்சைப் பிடிப்பவரும் இரார் அன்றோ?

மட்டி மீண்டது. பின்னர் மீனவர், வணிகர், அறிவியலார், அரசு அலுவலர் ஆகியோர் ஒன்றாக அமரும் ஆட்சிக் குழு ஒன்று அமைந்தது. 2014 நவம்பரில், வளம் குன்றாமல் பிடிக்கப்படுகிறது என்பதற்கான பன்னாட்டுச் சான்று அஷ்டமுடி மட்டிக்குக் கிடைத்தது. அச்சான்றைப் பெற்ற முதல் இந்திய மீன்பிடிப்பு அதுவே. இத்தகைய சான்று பெற்ற பொருளைத் தேடி வாங்கும் நாடுகள் உண்டு. மீனவரின் பொறுமைக்குச் சந்தையும் ஒரு பரிசு தர முடியும் என்பதை இது உணர்த்தியது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ஆனால் பிற்காலத்தில் காயலில் மட்டி வெகுவாகக் குறைந்தது. தென் அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த ஒரு சிப்பியினம் அங்கே பரவியது. வெளியிலிருந்து வந்தது என்ற பொருளில் மக்கள் அதற்கு 'வரத்தன் கக்கா' என்றே பெயரிட்டனர். காயலில் கலக்கும் கழிவுகளும் நீரின் தன்மையில் ஏற்பட்ட மாறுதல்களும் சேர்ந்து மட்டியை வாட்டின. 2024இல், பொரிப்பகத்தில் வளர்த்த இளமட்டிகளைக் காயலில் விதைத்து வளத்தை மீட்கும் பணியை அதே ஆராய்ச்சி நிறுவனம் மேற்கொண்டது.

இந்த இழப்பில் மீனவரின் பங்கு எவ்வளவு? அவர்கள் வலையின் கண்ணியை அளந்தார்கள். முட்டையிடும் காலத்தில் வள்ளத்தைக் கட்டி வைத்தார்கள். காயலில் கழிவைக் கலந்தவர் வேறு யாரோ. சிலியில் காத்தவரின் லோகோவை இரவில் வந்து எடுத்தவர் திருடர் எனப்பட்டார். நீரைக் கெடுத்து, காத்தவரின் மட்டியைச் சாகடிப்பவருக்கு நாம் என்ன பெயர் சூட்டுவோம்? விட்டு வைத்ததன் பலன் விட்டு வைத்தவரைச் சேரவில்லை என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

நாம் செய்யக்கூடியவை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துப் பார்ப்போம். கடலைக் காக்கும்படி மீனவரிடம் சொல்வது எளிது. ஆனால் காத்ததன் பலன் காத்தவரிடமே சேரும்படி ஏற்பாடு செய்யாமல் அப்படிச் சொல்வது நீதியாகாது. அந்த ஏற்பாட்டுக்கு மீனவரின் ஒற்றுமை வேண்டும். அரசின் சட்டம் வேண்டும். அறிவியலின் கணக்கு வேண்டும். அவ்வளவும் இருந்தும், கடலுக்கு வெளியே வாழும் நாம் நம் பங்கைச் செய்யாவிடில் அது நிலைக்காது.

நம் பங்கு என்ன? சந்தையில் விரல் நீளக் குஞ்சு மீனைக் கூறு கட்டி மலிவாக விற்றால், அது சிறிய இனத்து மீனா, பெரிய மீனின் குஞ்சா என்று கேட்டு அறிந்து, குஞ்சாயின் வாங்காமல் இருக்கலாம். வீட்டில் மீன் வாங்குவோர் பெரும்பாலும் தாய்மார்களே. அஷ்டமுடியில் 1,400 துண்டு என்ற அளவு செய்த வேலையை நம் தாய்மாரின் ஒரு கேள்வி நம் ஊரில் செய்யக்கூடும். வாய்க்காலிலும் ஆற்றிலும் நாம் எறியும் குப்பை கடைசியில் யாருடைய வலைக்குப் போகிறது என்று எண்ணிப் பார்க்கலாம். தடைக் காலத்தில் மீன் விலை ஏறும்போது முணுமுணுக்காமல், அந்த மாதங்களில் உலை வைக்கத் தடுமாறும் வீடுகளை நினைக்கலாம். அவ்வீட்டுப் பிள்ளைகள் நம் வகுப்பிலேயே நம் பக்கத்தில் அமர்ந்திருக்கக்கூடும். ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பகிர்ந்துகொள்வதும் கடல் வளத்தைக் காக்கும் பணியே.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். லோகோவை எண்ணவும், மட்டியின் முட்டைக் காலத்தைக் கண்டறியவும், மீனவர் சங்கத்தில் அமர்ந்து திட்டம் எழுதவும் படித்தவர்கள் தேவை. கடற்கரை ஊரில் பிறந்து, கடலின் மொழியும் கணிதத்தின் மொழியும் ஒருங்கே அறிந்த பெண்கள் அப்பணிக்கு வந்தால் எவ்வளவு நன்மை விளையும்! கோணவியல் பெண்ணுக்கு எதற்கு என்று கேட்டவர்கள் அன்று இருந்தார்கள். அக்கேள்விக்கு எலினார் ஆஸ்ட்ரம் அம்மையார் தம் வாழ்நாள் உழைப்பால் விடை கூறிவிட்டார். இனி நம்முள் யாரும் அக்கேள்விக்குச் செவி கொடுக்க வேண்டியதில்லை. கணிதப் பாடத்தையும் உயிரியல் பாடத்தையும் ஊன்றிப் படிப்போம்.